ஆறடி பத்து அங்குலம்

என் மனைவியின் தம்பி குணசிங்கத்தின் காற்சட்டைப் பையில் எப்போதும் ஓர் அளவுநாடா இருக்கும். ஆளைத் தச்சன் என்று நினைத்துவிடாதீர்கள். மிசிசாகாவில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் கோப்பு அடுக்குகிறவன். அஜக்ஸில் வீடு வாங்கப் போனபோது மனையடி சாத்திரப் புத்தகத்தை ஒரு கையிலும் அளவுநாடாவை மறு கையிலும் வைத்துக்கொண்டு பதினொரு வீடுகளை அளந்தான். ஒன்றில் படுக்கையறை ஒன்பதடி, ஆகாது. இன்னொன்றில் சமையலறை ஏழடி, தரித்திரம். வீடு காட்டிய பெண்பிள்ளை, பாவம், கார்ப்பெட் போடத்தான் அளக்கிறார் என்று நினைத்துக் கடை விலாசம் எழுதிக் கொடுத்தாள். பன்னிரண்டாவது வீட்டில் எல்லா அறையும் சரியாக வந்தது. அந்த வீட்டு நிலவறையில் தண்ணீர் கசிகிறது. அதைப் பற்றிப் புத்தகத்தில் ஒன்றும் இல்லையாம்.

அவனுடைய அளவு அவனுடைய வீட்டோடு நின்றிருந்தால் எனக்கென்ன வந்தது? என் போட்டுக்கும், அதாவது நான் கட்டுவித்த படகுக்கும், வந்துவிட்டது.

நான் இராஜரட்ணம். இங்கிலாந்தில் வுல்வர்ஹாம்ப்டனில் ஒன்பது வருடம் வெல்டராக இருந்தவன். கால்வாய்க் கரையில் ஒரு படகுப் பட்டறை. அந்த நாட்டுக் கால்வாய்களில் ஓடுகிற இரும்புப் படகுக்கு நரோபோட் என்று பெயர். நீளம் நாற்பது, ஐம்பது, எழுபது அடிகூட இருக்கும். அகலம் மட்டும் ஏழடிக்குள். காரணம் லொக். தண்ணீர் மட்டம் மாறுகிற இடத்தில் இரண்டு முனையிலும் கதவு வைத்துக் கட்டிய பெரிய தொட்டிதான் லொக். படகு உள்ளே போனதும் கதவைச் சாத்தி, தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த மட்டத்துக்கு விடுவார்கள். இருநூறு வருடத்துக்கு முன் யாரோ ஒரு துரை அந்தத் தொட்டிகளை ஏழடி அகலத்தில் கட்டிவிட்டான். ஆகவே படகு ஆறடி பத்து அங்குலம். அதற்கு மேல் போனால் வாசலிலேயே சிக்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

ஒன்பது வருடத்தில் நாற்பத்து மூன்று படகுக்கு அடித்தகடு ஒட்டினேன். ஒன்றிலாவது ஏறி ஒரு மைல் போனதில்லை. படகு முடிந்ததும் சொந்தக்காரர் நாயோடும் பெண்சாதியோடும் வருவார். தேநீர்க் கோப்பையைக் கூரையில் வைப்பார். எனக்குக் கை காட்டிவிட்டுப் போய்விடுவார். பட்டறைக்கு அப்பால் அடுத்தடுத்து இருபத்தொரு லொக் இருந்தன. அவர்கள் ஒவ்வொன்றாய் இறங்கிப் போவதை முகமூடியைத் தூக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பேன். வயிறு எரியும். பொறாமைதான், வேறென்ன.

எண்பத்தைந்தில் கமலாம்பிகையின் சகோதரங்கள் எல்லோரும் ரொறொன்ரோவில் சேர்ந்துவிட்டார்கள் என்று மகள் சாம்பவியோடு நாங்களும் வந்தோம். மோர்னிங்சைட்டில் வீடு, மிசிசாகாவில் ஓர் இரும்புத் தொழிற்சாலை, விடிய நாலரைக்குக் கார். பத்து வருடம் அந்த நானூற்றியொன்று நெடுஞ்சாலையில் கிடந்து சாகும்போதெல்லாம் எனக்கு ஒரே நினைப்புத்தான்: ஒரு நாள் என் சொந்த நரோபோட்டில் அந்த இருபத்தொரு லொக்கையும் இறங்க வேண்டும். கூரையில் என் தேநீர்க் கோப்பை இருக்க வேண்டும். யாராவது ஒரு வெல்டர் முகமூடியைத் தூக்கி என்னைப் பார்க்க வேண்டும்.

திட்டம் போட்டேன். பீற்றர்பறோவுக்குப் பக்கத்தில், ஆற்றங்கரையில், அலெக்ஸாண்டர் என்ற போலந்துக்காரன் இரும்புப் படகு கட்டுகிறான் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பிடித்தேன். முப்பத்தெட்டு அடி நீளம். ஆறடி பத்து அங்குலம் அகலம். முதல் இரண்டு கோடை இங்கேயே ஒன்ராறியோ ஆறுகளில், ஏரிகளில் ஓடுவது. தொண்ணூற்றெட்டில் நான் வேலையை விட்டதும் போட்டைக் கொண்டெயினருக்குள் தள்ளிக் கப்பலேற்றி, பின்னாலேயே நாங்களும் இங்கிலாந்துக்குப் போய் அதிலேயே இருந்துவிடுவது. கொண்டெயினர் கதவின் அகலம் ஏழடி எட்டு அங்குலம். இரண்டு பக்கமும் ஐந்து ஐந்து அங்குலம் மிச்சம். இதையெல்லாம் சாப்பாட்டு மேசையில் கமலாம்பிகைக்குக் கரண்டியையும் முள்ளுக்கரண்டியையும் வைத்து விளங்கப்படுத்தினேன். அவள் "ம்" என்றாள். ம் என்றால் ஓம், சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். இருபத்தாறு வருடமாக அப்படித்தான் எடுத்துக்கொண்டு வந்தேன்.

அலெக்ஸாண்டருக்கு அகலம் பிடிக்கவில்லை. இங்கே லொக்குகள் முப்பதடி அகலம், ஏரிகளில் காற்றடித்தால் இந்தக் குச்சிப் படகு ஆடும், எட்டடியாவது வை என்று ஒவ்வொரு முறையும் சொன்னான். ஒவ்வொரு முறையும் நான் மறுத்தேன். பிடிவாதம் பிடித்த கிழவன் என்று அவன் தன் மொழியில் முணுமுணுத்திருப்பான். போகட்டும்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குணசிங்கம் வீட்டுக்கு வந்து, மேசையில் விரித்திருந்த படத்தைக் குனிந்து பார்த்தான்.

"உது என்ன அத்தான், புட்டுக்குழல் மாதிரிக் கிடக்குது?"

"போட்."

"அகலம் எவ்வளவு?"

சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது. அவன் முகம் செத்த வீட்டுக்குப் போனவன் முகம் போல் ஆகிவிட்டது.

"ஏழெண்டே வையுங்கோ. ஏழு தரித்திரம் அத்தான். எட்டெண்டால் பெரிய பாக்கியம். ஒரடிதானே? அந்தாளிட்டச் சொல்லி எட்டாக்குங்கோவன்."

"டேய், உது வீடில்லை, போட்."

"மனிசர் படுத்தெழும்புற இடம் எல்லாம் மனைதான். அக்கா, நீ சொல்லு."

கமலாம்பிகை வடைத் தட்டைக் கொண்டுவந்து படத்தின் மேலேயே வைத்தாள். நான் குணசிங்கத்திடம், உன் புத்தகத்தைக் கொண்டுபோய் நிலவறைத் தண்ணீரில் ஊறப்போடு என்றேன். வடையைத் தின்றுவிட்டுக் கோபித்துக்கொண்டு போனான்.

தை பிறந்ததும் எனக்கு நெஞ்சு பிடித்துக்கொண்டது. பைபாஸ் செய்தார்கள். வீட்டுக்கு வந்தபோது தும்மவே பயம், தலையணையை நெஞ்சில் அணைத்துக்கொண்டுதான் இருமுவேன். அலெக்ஸாண்டர் தகடு வெட்டத் தொடங்க வேண்டும், கடைசிப் படத்தைக் கையெழுத்தோடு அனுப்பு என்று சொல்லியிருந்தான். படுக்கையில் இருந்தபடியே கையெழுத்துப் போட்டுக் கமலாம்பிகையிடம் கொடுத்தேன். அவள் மூலையில் இருக்கிற எங்கள் ஆட்களின் மளிகைக் கடைக்குப் போய், அங்கே இருக்கிற பெக்ஸ் மெசினில் தொலைநகலாக அனுப்பிவிட்டு, கத்தரிக்காயும் வாங்கிக்கொண்டு வந்தாள். அன்றைக்கும் குணசிங்கம் என் கால்மாட்டில் இருந்து ஏழைப் பற்றியும் எட்டைப் பற்றியும் ஓதிக்கொண்டிருந்தான். எழும்பி அடிக்க எனக்குத் தெம்பில்லை.

வைகாசி வரைக்கும் நீண்ட பயணம் கூடாது என்று டொக்டர் மறித்துவிட்டார். அலெக்ஸாண்டர் போன் எடுத்தால் கமலாம்பிகைதான் பேசுவாள். "எல்லாம் சரியாம், நீங்கள் படுங்கோ" என்பாள். அவள் என்னை அவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டாள். அதை நினைத்தால் இன்னும் ஆத்திரம் கூடுகிறது.

தொண்ணூற்றாறு மே மாத லோங் வீக்கெண்டில் போட்டைத் தண்ணீரில் விடுவதாக ஏற்பாடு. நானும் கமலாம்பிகையும் ஒரு காரில். குணசிங்கம் தன் குடும்பத்தோடு ஒரு வான் வண்டியில், தேங்காய், எலுமிச்சம்பழம், கற்பூரம் சகிதம். புதுக் காருக்குச் சில்லின் கீழே எலுமிச்சம்பழம் வைப்பது வழக்கம். போட்டுக்குச் சில்லு இல்லையே, எங்கே வைப்பது என்று அஜக்ஸிலிருந்து யோசித்துக்கொண்டு வந்தானாம்.

நாங்கள் போகும்போது கிரேன் போட்டைத் தூக்கி ஆற்றில் இறக்கிக்கொண்டிருந்தது. கரும்பச்சை நிறம், நான் சொன்னபடியே. ஆனால் படகு மெல்லத் திரும்பி அதன் பின்பக்கம் என்னைப் பார்த்ததும் ஏதோ பிழை என்று பட்டது. நாற்பத்து மூன்று படகின் பின்பக்கம் பார்த்த கண் இது. குணசிங்கத்தின் பையில் கையை விட்டு அளவுநாடாவைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். ஓடக்கூடாது என்று டொக்டர் சொன்னதெல்லாம் ஞாபகம் வரவில்லை.

எட்டடி. ஓர் அங்குலம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அலெக்ஸாண்டரின் சட்டையைப் பிடித்தேன். அவன் திகைத்துப்போய் அலுவலகத்துக்குள் ஓடி ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினான். என் படம், என் கையெழுத்து. ஆறடி பத்து என்ற இடத்தில் ஒரு கோடு இழுத்து வெட்டி, மேலே எட்டு என்று எழுதியிருந்தது. "நீதானே அனுப்பினாய்? கடைசியில் உனக்குப் புத்தி வந்ததே என்று சந்தோசப்பட்டேன்" என்றான்.

நான் குணசிங்கத்தின் பக்கம் திரும்பினேன். அவன் தாளை எட்டிப் பார்த்தான். அந்த முகத்தில் வந்த பூரிப்பை நான் சாகும்வரைக்கும் மறக்க மாட்டேன்.

"எட்டு! அத்தான், எட்டு! ஆர் செய்திருந்தாலும் நல்லதைத்தான் செய்திருக்கினம்."

"ஆர் செய்திருந்தாலுமோ? நாயே, என்ர கால்மாட்டில இருந்து ஓதிப்போட்டு, நான் கண் அயர்ந்த நேரம் பாத்து எழுதினதோ?"

"நான் எழுதேல்லை அத்தான், சத்தியமா. ஆனால் எழுதியிருக்கலாம் எண்டு இப்ப நினைக்கிறன்."

அதற்கு மேல் நான் பேசியதை எழுத முடியாது. அவனுடைய சாத்திரத்தை, அவனுடைய வீட்டை, அவனுடைய பரம்பரையை எல்லாம் இழுத்தேன். அவன் பரம்பரை என் பெண்சாதியின் பரம்பரையும்தான் என்பது அந்த நேரம் உறைக்கவில்லை. அவன் தேங்காயைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, வானைக் கிளப்பிப் போய்விட்டான். கமலாம்பிகை இடியப்பப் பெட்டியை மூடிக்கொண்டு நின்றாள். தம்பியைப் பற்றி ஒரு சொல் சொன்னாலே சீறுகிறவள், அன்றைக்கு வாய் திறக்கவில்லை. அதைக்கூட நான் கவனிக்காமல் விட்டேன்.

எனக்கு அந்தப் போட்டில் கால் வைக்கவே மனமில்லை. விட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம் என்றேன். ஆனால் அலெக்ஸாண்டரின் கரையில் அடுத்த படகை இறக்க வேண்டும். நான் நிறுத்த இடம் எடுத்திருந்தது முதல் லொக்கைத் தாண்டி மேலே உள்ள மரீனா என்ற படகுத் துறையில். வேறு வழியில்லை. எஞ்சினைக் கிளப்பினேன். நல்ல எஞ்சின், நான் தேடிப் பொறுக்கியது. அது நன்றாக ஓடியதும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆற்றில் மற்றப் படகுக்காரர்கள் வியந்து கை காட்டினார்கள். நான் காட்டவில்லை.

லொக்குக்குள் போனோம். அலெக்ஸாண்டர் சொன்னது போல் முப்பதடி அகலம். என் எட்டடி அதற்குள் அனாதைப் பிள்ளை மாதிரிக் கிடந்தது. சுவரில் மேலிருந்து கீழே கம்பிகள் இருந்தன. கமலாம்பிகை முன்னால் ஒரு கயிற்றைக் கம்பியில் சுற்றிப் பிடித்தாள், நான் பின்னால். உள்ளே எஞ்சினை நிறுத்த வேண்டும் என்பது சட்டம். நிறுத்தினேன். பின்கதவு மூடிக்கொண்டது. நாங்கள் ஈரச் சுவர்களுக்கு நடுவே, கிணற்றுக்குள் நிற்பது போல் நின்றோம். எனக்கும் அவளுக்கும் நடுவில் முப்பத்தெட்டு அடி.

"உவன் இனி என்ர வாசல்படி மிதிக்கக்கூடாது!" என்று கத்தினேன். சுவர் அதைத் திரும்பச் சொன்னது.

"தம்பியை ஏன் பேசுறியள்? அவனுக்கு ஒண்டும் தெரியாது."

"தெரியாதோ? ஏழு, எட்டெண்டு சாத்திரம் படிச்சவன் ஆர்?"

"படிச்சவன் அவன். எழுதினது நான்."

தண்ணீர் கீழே இருந்து குமுறிக்கொண்டு வரத் தொடங்கியது. கயிறு என் கையில் இழுத்தது.

"நீரோ? நீரும் அந்த மடையன்ர புத்தகத்தை நம்பினனீரோ?"

"புத்தகமும் மண்ணாங்கட்டியும். கொண்டெயினர் கதவு ஏழடி எட்டங்குலம். அங்கத்தைய லொக் ஏழடி. ஒரு வருசமாக் கரண்டியை வைச்சு உதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தனீங்கள்? எட்டெண்டு போட்டால் ரெண்டுக்குள்ளையும் போகாது. அதுதான் போட்டனான்."

நெஞ்சில் தைத்த இடம் சுட்டது. கையில் கயிறு இல்லாவிட்டால் எதையாவது தூக்கி எறிந்திருப்பேன்.

"நெஞ்சைப் பிளந்து கிடந்த மனிசனுக்குச் செய்யிற வேலையோ உது?"

"நீங்கள் கிடந்தபடியாத்தான் செய்ய ஏலுமாயிருந்தது."

"எத்தினை வருசக் கனவு தெரியுமோ உமக்கு?"

"தெரியும். முகமூடியைத் தூக்கிப் போட் போறதைப் பாத்தனீங்கள், ஆயிரம் தரம் சொல்லிப்போட்டியள். நான் அங்க என்ன பாத்துக்கொண்டிருந்தன் எண்டு ஒரு நாள் கேட்டனீங்களோ?" அவள் கயிற்றை விடவில்லை, குரலையும் இறக்கவில்லை. "மீன்பொரியல் கடைக்கு மேல ஒரு அறை. சாம்பவி பள்ளிக்கூடம் போனால் பின்னேரம் மூண்டரை வரைக்கும் கதைக்க ஒரு சனமில்லை. ஒன்பது வருசம். ஜன்னலைத் திறந்தால் உந்தக் கால்வாய்தான். உங்களுக்கு அது சொர்க்கம். எனக்கு அதின்ர மணமே வயித்தைப் பிரட்டும். இஞ்ச வந்துதான் நான் மனிசரோட இருக்கிறன். கார் ஓடுறன், வேலைக்குப் போறன், சகோதரங்கள் பக்கத்தில, சாம்பவியின்ர பிள்ளை மடியில. எல்லாத்தையும் விட்டிட்டுத் திரும்ப அங்க வா எண்டுறியள். வாறியோ எண்டு கேக்கேல்லை. கரண்டியை வைச்சு விளங்கப்படுத்தினனீங்கள்."

"வேண்டாமெண்டால் வேண்டாமெண்டு சொல்லியிருக்கலாமே! வாயில என்ன கொழுக்கட்டையோ?"

"ம் எண்டு சொன்னனான்."

"ம் எண்டால்?"

"ம் எண்டால் என்னெண்டு இருபத்தாறு வருசத்தில ஒருக்காலும் கேக்காத மனிசனுக்கு, எட்டெண்டு எழுதிக் காட்டாமல் என்னெண்டு சொல்லுறது?"

போட் உயர்ந்துகொண்டே வந்தது. சுவர் குறைந்தது. முதலில் மரங்களின் உச்சி தெரிந்தது, பிறகு கொடிக்கம்பம், பிறகு விளிம்பில் வரிசையாக நின்ற மனிதர்களின் சப்பாத்துகள். ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு சின்னப்பிள்ளை கை காட்டியது. எனக்கு வெட்கம் கெட்டுவிட்டது.

"இன்னொண்டு செய்விப்பன்!" என்று அவர்களுக்கு முன்னாலேயே கத்தினேன். "இதை வித்துப்போட்டு, ஆறடி பத்தங்குலத்தில, என்ர கண்ணுக்கு முன்னால நிண்டு செய்விப்பன்!"

கமலாம்பிகை கயிற்றைத் தளர்த்தி, மெதுவாகக் கையில் சுற்றினாள். இப்போது கத்தவில்லை. நீர் அடங்கிவிட்டதால் அந்த முப்பத்தெட்டு அடியும் தாண்டி அவள் சொன்னது தெளிவாகக் கேட்டது.

"செய்வியுங்கோ. படத்தில கட்டிலை மட்டும் சின்னனாக் கீறுங்கோ. ஒராளுக்குத்தானே."

நானும் என் கயிற்றைக் கம்பியிலிருந்து கழற்றிச் சுற்றினேன். ஆத்திரம் அப்படியே இருந்தது, ஆனால் அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

லொக்கில் வேலை செய்கிற பெண் ஒருத்தி பலகையில் படிவம் வைத்துக்கொண்டு விளிம்புக்கு வந்தாள். அழகான படகு, இப்படி ஒன்றை இந்தப் பக்கம் கண்டதில்லை என்றாள். நீளம் கேட்டாள். முப்பத்தெட்டு என்றேன். அகலம் கேட்டாள்.

பத்து வருடமாக என் வாயில் ஊறிக் கிடந்த பதில் ஒன்று நுனிநாக்கு வரைக்கும் வந்தது. அதை விழுங்கினேன்.

"எட்டு" என்றேன். அவள் எழுதிக்கொண்டு போனாள்.

முன்கதவு திறந்தது. அந்தப் பக்கம் ஆறு வெளிச்சமாகக் கிடந்தது. நான் எஞ்சினைக் கிளப்பிச் சுக்கானைப் பிடித்தேன். கமலாம்பிகை முன்வாசலால் உள்ளே இறங்கி, சமையலிடத்தைத் தாண்டி, கட்டிலைத் தாண்டி, பின்வாசலால் ஏறி வந்தாள். கையில் தேநீர்ப் போத்தலும் ஒரு கோப்பையும். கோப்பையை நிரப்பிக் கூரையில் வைத்தாள். பிறகு எனக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

என் படத்தில் அந்த இடத்தில் சுக்கான் பிடிக்கிற ஒருவர் மட்டும்தான் நிற்கலாம். இரண்டாவது ஆளுக்கு நான் இடம் கீறவில்லை. அந்த நிமிடம் வரைக்கும் அது எனக்குத் தோன்றவும் இல்லை.

அவளைப் பார்க்காமல் நேரே ஆற்றைப் பார்த்தபடி, கோபத்தில் ஓர் அங்குலம்கூட விலகாமல் நின்றேன். நான் விலகாமலே அவளுக்கு இடம் இருந்தது.